உன்னைத் திட்ட அவள் யார்?

மார்ச் 6

தம்பிக்கு,

நீ நூறு முறை கூப்பிட்டாலும் நான் போனை எடுக்கப் போவதில்லை. அத்தானைத் தூது விட்டாயாம். அவர் லிஃப்ட் பழுது பார்க்கப் போன இடத்திலிருந்து எனக்குப் போன் போட்டு, "உன் தம்பிகிட்ட ரெண்டு வார்த்தை பேசித்தான் பாரேன்" என்று உபதேசம் செய்கிறார். ரெண்டு வார்த்தை பேசினால் நீ அதை நாலாக வெட்டி, அடியில் டமடமவென்று ஏதோ ஒன்றைப் போட்டு ஊர் முழுக்க ஒலிபரப்பிவிடுவாய். அதனால் இனிமேல் உனக்கும் எனக்கும் கடிதம்தான். காகிதத்தை நீ ரெக்கார்ட் பண்ண முடியாது பார்.

போன வாரம் வேலைக்குப் போகும்போது பஸ்ஸில் பின்சீட்டிலிருந்து என் குரல் கேட்டது. திடுக்கிட்டுத் திரும்பினேன். யாரோ ஒருவன் போனைக் கையில் வைத்துத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறான். போனுக்குள்ளிருந்து நான் கத்துகிறேன்.

"கதவைத் தட்டினா காது கேக்கறதில்ல, காது கேட்டா வாய் பேசறதில்ல, வாய் திறந்தா உண்மை வர்றதில்ல... டேய், சாப்பிட்டியா இல்லையா?"

போன தடவை உன் ஊருக்கு வந்தபோது, உன் அறை வாசலில் சாப்பாட்டுப் பையோடு கால் கடுக்க நின்று உன்னைத் திட்டியது அது. உன்னைத் திட்டியது. பஸ்ஸில் போகிறவனை இல்லை. அதை அவன் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்கிறான். பக்கத்தில் இருந்தவள் கூடவே பாடுகிறாள். நான் இறங்க வேண்டிய இடத்தை விட்டுவிட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தேன்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? மின்சார அலுவலகத்துப் புகார்ப் பிரிவு. கரண்ட் போனவர்கள் கோபமாகக் கூப்பிடுவார்கள். "கொஞ்சம் பொறுங்க சார், ஆள் கிளம்பிட்டாங்க" என்று நான் தன்மையாகச் சொல்ல வேண்டும். இப்போது நான் "வணக்கம்" என்றதுமே அந்தப் பக்கம் சிரிப்பு. "நீங்க அந்தப் பாட்டுல வர்ற அக்காவா?" ஒருவன், "நான் சாப்பிட்டேன்க்கா" என்றான்.

என் குரலை அந்தப் பாட்டிலிருந்து எடு. எடுத்துவிட்டு எழுது. அதுவரைக்கும் உனக்கு ஓர் அக்கா இருக்கிறாள் என்றே நினைக்காதே.

அக்கா

சாப்பாட்டு டப்பாவின் மூடி உன்னிடம்தான் இருக்கிறது. அனுப்பு.


மார்ச் 15

அக்கா,

மூடி பத்திரமாக இருக்கிறது. அதை அனுப்புவதில் ஒரு சிக்கல். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கீபோர்டு முன்னால் உட்கார்ந்தால் முதலில் ரெக்கார்டரைத் தட்டிவிடுவேன். எழுந்து போகும்வரை அது ஓடிக்கொண்டே இருக்கும். நல்லது எப்போது வரும் என்று யாருக்குத் தெரியும்? வரும்போது விட்டுவிட்டால் போச்சு. என் வேலையே அப்படித்தான். அன்று நீ கதவைத் தட்டினாய், திட்டினாய், டப்பாவை வைத்தாய், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று போய்விட்டாய். சாப்பிட்டுவிட்டு நான் வாசித்ததைத் திரும்பக் கேட்டேன். வாசித்தது குப்பை. அதற்கு மேலே நீ இருந்தாய்.

அக்கா, ஐஸ் வைக்கிறேன் என்று நினைக்காதே. மூன்று வரியை ஒரே மூச்சில் சொல்கிறாய். பிறகு மூச்சு வாங்குகிறாய். அதற்கப்புறம் வர வேண்டிய இடத்தில் வராமல், ஒரு மயிரிழை தள்ளி "டேய்" என்கிறாய். நான் என்ன பதில் சொல்வேனோ என்று ஒரு கணம் பார்த்துவிட்டுச் சொல்கிறாய். அந்தத் தாமதத்துக்கு இடம் விட்டு என் இடது கையை வைத்தேன். அவ்வளவுதான் பாட்டு. மீதியைத் தொப்பி பார்த்துக்கொண்டான். தொப்பி என்பவன் அதில் ராப் பாடுகிற பையன், தொப்பியைக் கழற்றியே யாரும் பார்த்ததில்லை.

ஹோட்டல் வரவேற்பறையில், சாப்பிடுகிறவர்கள் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லாமல் எத்தனை வருஷம் வாசித்தேன் என்று உனக்குத் தெரியும். பிறகு மொபைல் கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து ராப் பையன்களுக்குப் பீட் செய்து கொடுத்தேன். பாடியவன் பெயர் வரும், என் பெயர் வராது. இந்த ஒரு பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் ஒரு பாட்டுக் கம்பெனி என்னைக் கூப்பிட்டு, ஒரு முழு ஆல்பம் செய் என்றது. எல்லாப் பாட்டும் என் பெயரில். இப்போது போய் எடு என்கிறாய். வீடு கட்டி முடித்தபிறகு நடுத்தூணை உருவு என்பது மாதிரி இருக்கிறது.

எனக்கும் ஒரு வருத்தம் உண்டு, சொல்லிவிடுகிறேன். நான் செய்த எதையும் நீ கேட்டதே இல்லை. ஹோட்டலுக்கு ஒரே ஒரு தடவை வந்தாய். எப்படி இருந்தது என்று கேட்டேன். ஏசி குளிர்கிறது என்றாய்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

ஏசி நிஜமாகவே குளிர்ந்தது. ஆனாலும் நீ வாசித்து முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை, அது உன் கண்ணில் படவில்லை. உன் பாட்டை நான் கேட்டதில்லையாம். நீ எப்போது கொடுத்தாய்? ஒவ்வொரு தடவையும் "இன்னும் முடியலக்கா" என்பாய். முடியாத பாட்டை நான் எங்கே போய்க் கேட்பது?

சரி, விளையாட்டை விடு. நேற்று ஒருவர் கூப்பிட்டார். அவருடைய அப்பாவுக்கு வீட்டில் மூச்சுக்கருவி ஓடுகிறது, கரண்ட் போய்விட்டது, பேட்டரி ரொம்ப நேரம் தாங்காது என்றார். நான் விலாசம் கேட்டேன். அவர் கொஞ்சம் தயங்கினார். "இது அந்தப் பாட்டுல வர்ற குரல்தானே? யாருங்க விளையாடறது?" என்று போனை வைத்துவிட்டார்.

நம்பர் விழுந்திருந்ததால் நானே திரும்பக் கூப்பிட்டேன். என் குரலைக் கேட்டதும் மறுபடி வைத்துவிட்டார். பக்கத்து சீட்டுக்காரியைப் பேசச் சொன்னேன். அவளை நம்பி விலாசம் கொடுத்தார். ஆள் போனார்கள், கரண்ட் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. 

இருட்டில் உட்கார்ந்திருக்கிறவர்கள் என் முகத்தைப் பார்ப்பதில்லை. குரலைத்தான் நம்புகிறார்கள். இந்த வேலைக்கு நான் கையில் வைத்திருப்பது அது ஒன்றுதான். உன் கீபோர்டை யாராவது சொல்லாமல் கொள்ளாமல் தூக்கிக்கொண்டு போய், நாலு பேர் சிரிக்கும்படி தட்டிவிட்டுக் கொண்டுவந்து வைத்தால் நீ சும்மா இருப்பாயா?

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று எனக்கே தெரியாது. ஆனால் நீ கேட்கவில்லை.

அக்கா


ஏப்ரல் 5

அக்கா,

உன் கடிதத்தை ஸ்டுடியோ படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். படித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆகியிருந்தால் என்ற நினைப்பு என்னை விடவே இல்லை. மன்னித்துவிடு. 

எடுத்துவிட்டேன். இணையத்தில் இருந்ததையும் நீக்கச் சொல்லிவிட்டேன். கம்பெனி மேனேஜர் முகத்தில் ஈயாடவில்லை. "நல்லா ஓடற வண்டியில என்ஜினைக் கழட்டறீங்களே" என்றார். தொப்பி தன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்கு நடுமண்டையில் வழுக்கை என்று அன்றுதான் தெரிந்தது.

விளம்பரங்களுக்குக் குரல் கொடுக்கிற ஒரு பெண்ணை வைத்து அந்த வரிகளைப் பேச வைக்கலாம் என்று மேனேஜர் சொல்கிறார். குரல் அவளுடையது, வார்த்தை உன்னுடையது. இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் செய்வேன். வார்த்தையும் வேண்டாம் என்றால் ஒரு வரி எழுது.

தம்பி


ஏப்ரல் 13

தம்பிக்கு,

வார்த்தையை வைத்துக்கொள். உலகத்தில் உள்ள அத்தனை அக்காவும் அப்படித்தான் திட்டுகிறார்கள்.

மூடி எங்கே?

அக்கா


மே 3

அக்கா,

பாட்டு முடிந்துவிட்டது. "இன்னும் முடியலக்கா" என்று சொல்லவில்லை, கவனி. கூட வைத்திருக்கும் பென்டிரைவில் இருக்கிறது. வெளியே விடுவதற்கு முன்னால் உனக்கு அனுப்புகிறேன். அத்தானிடம் கொடுத்தால் டிவியில் போட்டுக் காட்டுவார்.

நன்றாக வந்திருக்கிறது என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் சொல்கிறேன். சொல்லச் சொல்லத்தான் சந்தேகமாக இருக்கிறது.

உன் ஆபீசில் இப்போது எப்படி?

தம்பி


மே 12

தம்பிக்கு,

யார் அவள்?

அத்தான் டிவியில் சொருகிச் சத்தத்தைக் கூட்டி வைத்தார். முதலில் உன் கீபோர்டு வந்தது. மழை விட்டபிறகு கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருக்குமே, அந்த மாதிரி. நான் கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நன்றாக வாசிக்கிறாயடா. இதை நேரில் சொல்லியிருந்தால் உனக்குத் தலைகால் புரிந்திருக்காது, கடிதம் என்பதால் சொல்கிறேன்.

பிறகு அவள் வந்தாள். "கதவைத் தட்டினா" என்று ஆரம்பித்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன குழைவு, என்ன கொஞ்சல். சோப்பு விற்கிற குரலில் திட்டுகிறாள். "டேய்" என்பது அளந்து வைத்த மாதிரி டக்கென்று வந்து உட்காருகிறது. நீ சாப்பிட்டாயா இல்லையா என்று அவளுக்கு ஒரு கவலையும் கிடையாது. கேட்டுவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிடுவாள் போலிருக்கிறது.

உன்னைத் திட்ட அவள் யார்? பள்ளிக்கூடத்தில் நீ பெஞ்சில் தாளம் போட்டாய் என்று வாத்தியார் திட்டியபோது, என் வகுப்பை விட்டு எழுந்து வந்து அவரிடமே சண்டை போட்டவள் நான். "அவனைத் திட்ட நான் இருக்கேன் சார்" என்றேன். அதற்கு என்னையும் சேர்த்து வெளியே நிற்க வைத்தார். அதெல்லாம் இந்தச் சோப்புக்காரிக்குத் தெரியுமா? அத்தான் சிரித்துக்கொண்டே, "நீதானே குரலை எடுக்கச் சொன்னே" என்றார். அவரோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஆபீசைப் பற்றிக் கேட்டாய். பாட்டை நீ இணையத்திலிருந்து நீக்கியபிறகு சிரிப்பு குறைந்துவிட்டது. மூச்சுக்கருவிக்காரர் மறுபடி கூப்பிட்டார். அன்றைக்குப் பக்கத்து சீட்டுக்காரி அவரிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள். "அன்னைக்கு போனை வெச்சுட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பாட்டு அக்காகிட்டயே குடுங்கன்னு கேட்டு வாங்கினேன். நீங்க அதட்டினா ஆளுங்க சீக்கிரம் வருவாங்க" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதட்டத்தான் செய்தேன், சீக்கிரம்தான் போனார்கள்.

அவளை எடு.

அக்கா


மே 19

அக்கா,

எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. நாலு பேர் உட்கார்ந்த பலகையில் நடுவிலிருந்து ஒருவர் எழுந்து போனது மாதிரி. என் இடது கை யாருக்கோ காத்திருந்துவிட்டு அடுத்த கட்டைக்குப் போகிறது. கேட்கிற யாருக்கும் இங்கே யாரோ வர வேண்டும் என்று தெரிந்துவிடும்.

உன் தாமதம் அவளுக்கு வரவில்லை. பல தடவை சொல்லிப் பார்த்தேன், பாவம், அவள் நல்ல பெண். தாமதமாகச் சொல்லச் சொன்னால் தூக்கத்தில் சொல்கிற மாதிரி சொல்கிறாள். கம்பெனி ஆல்பத்தைத் தள்ளி வைத்திருக்கிறது. ஜூன் கடைசிக்குள் இந்தப் பாட்டு வராவிட்டால், இது இல்லாமலே விட்டுவிடுவோம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார்.

அதனால் கேட்கிறேன். வந்து திட்டுவாயா? வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன். பொய், படுவேன். ஆனால் கோபப்பட மாட்டேன்.

தம்பி


மே 28

தம்பிக்கு,

மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். "பாடறதுக்கு லீவு கேக்கற முதல் ஆள் நீங்கதான்" என்றார். பாட இல்லை சார், திட்ட என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டார்.

ஜூன் இரண்டாவது வாரம் வருகிறேன். அந்தச் சோப்புக்காரி அங்கே இருக்கக் கூடாது. ஏசியைக் குறைத்து வை.

அக்கா


ஜூன் 17

அக்கா,

நீ ஊர் போய்ச் சேர்ந்ததை அத்தான் சொன்னார். இதைப் போனிலேயே கேட்கலாம், நேரில் பேசிவிட்டோமே. ஆனால் என் பக்கம் ரெக்கார்டர் ஓடுகிறதோ என்று உனக்குச் சந்தேகம் வராமல் இருக்கக் காகிதத்தில் கேட்கிறேன்.

நீ மைக் முன்னால் நின்றதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. ஹெட்போனை மாட்டியதும் ஆபீஸ் குரல் வந்துவிட்டது. "கதவைத் தட்டினா காது கேக்கறதில்லீங்க" என்றாய். தொப்பி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினான். எத்தனை தடவை முயன்றோம். நீ தன்மையாகப் பேசப் பேச எனக்கே புகார் கொடுக்கத் தோன்றியது. கடைசியில் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு இதெல்லாம் வராதுடா, ஆளை விடு" என்றாய். மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எல்லாரும் சாப்பிடப் போனார்கள். நீயும் நானும் டீயோடு உள்ளே இருந்தோம்.

அப்போது நான் டீ கப்பைக் கீபோர்டு மேல் வைத்தேன். வேண்டுமென்றேதான் வைத்தேன். நீ பார்த்தாய். நடந்தது இதுதான்:

"வெக்க இடமா இல்ல? மேசை இருக்கு, தரை இருக்கு, என் தலை இருக்கு, இது மேலதான் வெப்பியா? சோறு போடற பொருள்டா அது... டேய், எடு முதல்ல."

கப்பை எடுத்துவிட்டேன். நீ கைக்குட்டையால் கட்டைகளைத் துடைத்தாய். ஒவ்வொன்றாகத் துடைத்தாய். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினோம்.

திரும்பி வந்து பார்த்தால் ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. சத்தியமாக அது பழக்கம், காலையில் உட்கார்ந்ததும் கை தானாகத் தட்டியிருக்கிறது. எல்லாம் பதிவாகியிருக்கிறது. மூச்சும் இருக்கிறது, தாமதமும் இருக்கிறது. கைக்குட்டை பட்டு ஒலித்த கட்டைகள்கூட இருக்கின்றன.

ஒரே ஒரு முறை கேட்டேன். யாருக்கும் போட்டுக் காட்டவில்லை, தொப்பிக்குக்கூட. இத்தனை வருஷத்தில் என் கீபோர்டைப் பற்றி நீ அப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. எனக்கு அதுவே போதும். முதல் தடவை மாதிரியே இதுவும் உனக்குத் தெரியாமல் எடுத்தது. வேண்டாம் என்று எழுது, அழித்துவிடுகிறேன். அக்காவுக்கு வரவில்லை என்று மேனேஜரிடம் சொல்லிக்கொள்கிறேன். பாட்டு போனால் போகட்டும்.

தம்பி


ஜூன் 22

தம்பிக்கு,

உன்னை ஏமாற்றுவதற்கு ஒரு சாமர்த்தியமும் தேவையில்லை.

கப்பை வேண்டுமென்றே வைத்தாய் என்று வைத்தபோதே தெரியும். நீ ஞாபகமில்லாமல் ஒரு பொருளை வைத்தால் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். அன்று வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாய். இவன் எதற்கோ அடிபோடுகிறான் என்று உன் மேசையை ஒரு நோட்டம் விட்டேன். ரெக்கார்டரில் அந்தக் குட்டி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதல் தடவை உன் அறை வாசலில் நின்றபோதும் எரிந்திருக்கும். அப்போது அது என்னவென்று எனக்குத் தெரியாது. இப்போது தெரியும். தெரிந்துதான் வாயைத் திறந்தேன்.

ஆனால் ஒன்று. ஆரம்பித்தபிறகு விளக்கு மறந்துபோய்விட்டது. சோறு போடற பொருள் என்று சொன்னது விளக்குக்காகச் சொன்னது இல்லை.

போட்டுக்கொள். ஆல்பத்து அட்டையில் என் பெயர் வேண்டாம், அக்கா என்று மட்டும் போடு. கூப்பிடுகிறவர்கள் சிரித்தால் சிரிக்கட்டும். இனிமேல் அவர்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடப் போகிறேன், ஆமாம், அந்த அக்காதான், விலாசத்தைச் சொல்லுங்க என்று. பக்கத்து சீட்டுக்காரியிடம் ஒத்திகையும் பார்த்தாயிற்று.

மூடியையும் பார்த்தேன். மைக் பக்கத்தில் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாய். முழுக்க ஸ்பூன் தழும்பு. உன் பாட்டில் டங் டங் என்று வருவது என்னவென்று இப்போதுதான் புரிந்தது. வைத்துக்கொள், நான் வேறு டப்பா எடுத்துவிட்டேன். என் குரலும் போய், மூடியும் போய், இனி என் வீட்டுக்குள் நீ வந்தால் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனிமேல் கடிதம் வேண்டாம், விரல் வலிக்கிறது. போன் பண்ணு. நான் எடுத்ததும் முதலில் விளக்கு எரிகிறதா இல்லையா என்று சொல்லிவிடு. எரிந்தாலும் சரி, எரியாவிட்டாலும் சரி, நான் சாப்பிட்டாயா என்றுதான் கேட்கப் போகிறேன்.

அக்கா